மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள குளியலறைக்கு எந்த ஷவர் பொருந்தும்?

கேள்வி: சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் குடியிருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்து பழைய ஷவரின் துளைகள் பெரும்பாலும் அடைத்துக்கொண்டதால், 8 அங்குல அகலமுள்ள மழை ஷவர் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். அதை நானே பொருத்திவிட முடியுமா?

பதில் 1: ஐயா, முதலில் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். உங்கள் வீட்டில் அந்த உயரம் 3 மீட்டரைத் தாண்டாது என்றே நினைக்கிறேன், ஆகவே 0.3 பார் கிடைத்தாலே அதிகம். அகலமான தட்டில் தண்ணீர் சீறாமல் சொட்டத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. 4 அங்குலத்துக்குள், ரப்பர் முனைகள் உள்ளதை வாங்கினால், படியும் உப்பை விரலால் தேய்த்தே உதிர்த்துவிடலாம்.

பதில் 2: பொருத்துவது எளிது; பெரும்பாலும் அரை அங்குல மரைதான் இருக்கும். பழையதைக் கழற்றும்போது மட்டும் ஷவர் குழாயை மறு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது சுவருக்குள் முறிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களை நோக்கியிருக்க, வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வந்துவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. பழையதை ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு, அதற்கும் மசியாவிட்டால் சிறியதையே வாங்குகிறேன்.