கிணற்றடி வீடு (குடும்பக் குழு) – 2024 மே 8

சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) கோவிஷீல்டு போட்டவர்கள் ஜாக்கிரதை!! ரத்தம் உறையும் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது!!

ராஜி அத்தை: இரண்டு தடவையும் அதுதானே போட்டேன். எனக்கு வெரிகோஸ் வேறு. காலையிலிருந்து கால் கனக்கிறது.

பெரியப்பா: நேற்று எவ்வளவு நேரம் நின்று முறுக்குச் சுற்றினாய்?

ராஜி அத்தை: நாலு படி மாவு.

அம்மா: என் அச்சு அங்கேதான் இருக்கிறதா?

சித்தப்பா: ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் எடுக்கலாம். ஐந்து பேர் சேர்ந்தால் லேப் பையன் வீட்டுக்கே வருவான்.

செந்தில்: கமிஷன் எவ்வளவு சித்தப்பா 😂

மீனா: அத்தை, லண்டன் கோர்ட்டில் அஸ்ட்ராஜெனகா கம்பெனி ஒத்துக்கொண்டது டி.டி.எஸ். என்ற பக்கவிளைவு வரலாம் என்பதை, அதுவும் மிக அபூர்வமாக என்று. அதில் ரத்தம் உறையும், பிளேட்லெட் என்ற ரத்த அணுவும் குறையும். பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாவதால் வருவது. வெரிகோஸ் என்பது கால் ரத்தக்குழாயின் வால்வு பழுதாகி ரத்தம் தேங்குவது, இது வேறு அது வேறு. டி.டி.எஸ். பெரும்பாலும் ஊசி போட்ட 4 நாளிலிருந்து 42 நாளுக்குள் வரும். நீங்கள் போட்டது 2021. அந்த வருடம் மே மாதம் நம் அரசுக் குழு 26 பேருக்கு ரத்தக்கட்டி இருக்கலாம் என்றது, 10 லட்சம் டோஸுக்கு 0.61. இறந்தவர்களும் உண்டு, பொய் என்று சொல்லவில்லை. ரத்தக்குழாய் நோயில் இந்த ஊசியே கூடாது என்று ஐரோப்பாவில் சொன்னது வெரிகோஸுக்கு அல்ல, கேபிலரி லீக் வந்தவர்களுக்கு. நுண்குழாயிலிருந்து நீர் கசியும் நோய் அது. டி-டைமர் வயதானாலே கூடும், இப்போது எடுத்துப் பயனில்லை.

அப்பா: 👍

பெரியப்பா: மூன்றாவது வரியோடு நிறுத்திவிட்டேன்.

மீனா: ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் உடனே காட்டுங்கள் அத்தை.

ராஜி அத்தை: இரண்டும்தான் கனக்கிறது. வீக்கம் இல்லை.

பெரியம்மா: மீனா, இங்கே பார். இவர் மாத்திரை டப்பாவில் இரண்டு நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது. கேட்டால், முந்தாநாள் குழுவில் வந்ததைப் படித்து நிறுத்தினாராம்.

மீனா: பெரியப்பா!! ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைக்கும். உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். நீங்களாக இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

பெரியப்பா: தம்பி அனுப்பியதால்தானே நிறுத்தினேன்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: போனில் நர்ஸ் திட்டுகிறாள். டாக்டர் பத்து நிமிஷத்தில் பேசுவாராம்.

அம்மா: ராஜி, அச்சு?

சித்தப்பா: அப்போ சனிக்கிழமை லேப் பையனை வரச் சொல்லவா, வேண்டாமா?