தாய்வழிச் சமூகங்களை வெளியார் எப்படிக் கண்டார்கள்?

செந்தூல் வாசகி (கோலாலம்பூர்):
வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மூதாதையர் நிலம் மகள்களுக்கே சேர்கிறது என்பதை அறிந்த நம்மவர் பலர், அங்கே பெண்களே ஆள்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். பழங்காலப் பயணிகளும் அதிகாரிகளும் இத்தகைய சமூகங்களை எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதை விளக்க முடியுமா?

ஆயர் ஈத்தாம் வாசகர் (பினாங்கு):
அம்மா, பெரும்பாலோர் முதலில் பார்த்தது திருமணத்தையும் ஆண்பெண் உறவையுமே. சொத்து யார் கையில் இருந்தது என்பதை அவர்கள் பிறகுதான் கேட்டார்கள். 1352இல் சகாராவின் தென்விளிம்பிலுள்ள வலாத்தா நகரை அடைந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, அங்கே ஒருவருக்கு அவருடைய சகோதரியின் மகனே வாரிசாவதைக் கண்டு வியந்து, மலபாரைத் தவிர வேறெங்கும் இவ்வழக்கத்தைக் கண்டதில்லை என்று எழுதினார். பெண்கள் அந்நிய ஆடவரோடு நட்புடன் உரையாடியதோ அவரை அதைவிட அதிகமாக உறுத்தியது. மலபாரில் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் நாயர்களின் மரபுவழி மணவுறவான சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணமாக ஏற்கவில்லை. அதைப் பதிவுசெய்ய 1896இல் சட்டம் வந்தபோதும் மிகச் சிலரே முன்வந்தனர் என்பது, சம்பந்தத்தில் கண்ட குறை உண்மையில் யாருடைய கண்ணில் இருந்தது என்பதைக் காட்டுவதாகவே நான் கருதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் (கோலாலம்பூர்):
இதோடு 1861இல் சுவிஸ் அறிஞர் பாஹோஃபென் முன்வைத்த கருத்தையும் சேர்க்க வேண்டும். தாயுரிமை மனிதகுலம் கடந்துவந்த ஒரு படிநிலை என்று அவர் வாதிட்டார். அதனால், உயிரோடு வாழும் மக்களைக் கடந்தகாலத்தின் மிச்சமாகப் பார்க்கும் வழக்கம் அறிஞர்களிடையே வேரூன்றியது. இது பயணிகளின் வியப்பைவிடக் கேடானது.

கோலப்பிலா வாசகி (தற்போது கோலாலம்பூர்):
தங்கள் கேள்வியிலுள்ள 'ஆள்கிறார்கள்' என்ற கருத்துக்கு வருகிறேன். நெகிரி செம்பிலானின் மரபுச் சட்டமான அடாட் பெர்பாத்தே முறையில் குலமும் நிலமும் தாய்வழியே தொடர்கின்றன. மணமான ஆண் மனைவியின் ஊரில் குடியேறுவதே மரபு. ஆயினும் உண்டாங் (வட்டாரத் தலைவர்), லெம்பாகா (குலத் தலைவர்) முதலிய பதவிகளை வகிப்போர் ஆண்களே. அந்தப் பதவிகளும் தாயின் குலம் வழியாகவே அவர்களை அடைகின்றன. ஆட்சி வேறு, உரிமை வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காதவர்கள், ஒன்று பெண்ணரசு என்று வியந்தார்கள், அல்லது எல்லாம் ஆண்களின் கையில்தான் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1909ஆம் ஆண்டின் மரபுவழி நில உரிமைச் சட்டம் இந்நிலங்களைப் பதிவேட்டில் ஏற்றி, இக்குலங்களுக்கு வெளியே விற்பதைத் தடுத்தது. அது நிலத்தைக் காத்தது உண்மையே. ஆனால் குலத்தார் கூடிப் பேசி, ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்பத் தீர்த்துக்கொண்ட விவகாரங்கள் நில அலுவலகத்தின் விதிகளாக இறுகின. நம் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் சகோதரியின் பிள்ளைகளே வாரிசாகும் மருமக்கள்வழி இருந்தது. 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் இயற்றி அதை மாற்றியது. ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று.