ஃபில்டரை மாற்றியும் வழியில் நின்ற பழைய கார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மோரிஸ் மைனர் 1000, சுங்கை சிப்புட்

மூன்று மாதங்களில் மூன்று பெட்ரோல் ஃபில்டர்களை மாற்றினேன், மூன்றாவதும் கைகொடுக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டால், கந்தானைத் தாண்டுவதற்குள் இயந்திரம் இருமத் தொடங்கும், பெட்ரோலை இழுக்கும் எஸ்.யூ. மின்பம்பின் 'டக் டக்' ஓசை மெல்ல இடைவெளி விட்டுப் பிறகு அடங்கிப்போகும். பம்பைத் தொட்டால் சுடும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் நானே சேர்த்திருந்த காகித ஃபில்டர்தான் அடைத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அதைக் கழற்றிப் புதியதைப் போட்டவுடன் கார் ஓடியதால் அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது.

கடைசி முறை சிமெண்டு ஆலைக்கு அருகில் நின்றபோது, புல் வெட்டும் இயந்திரத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் வண்டியை ஓரங்கட்டினார். நான் திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் எதுவும் கேட்காமல் பின்பக்கம் சென்று எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று தொட்டி நீளமாக ஒரு மூச்சை உள்ளிழுத்தது. சாவியை நான் அணைக்காமல் விட்டிருந்தேன். முன்னால் பம்ப் தானாகவே தட்டத் தொடங்கியது. அந்த இரண்டு ஓசைகளும் இன்னும் காதில் இருக்கின்றன.

திருட்டுக்குப் பயந்து நான் வாங்கிப் போட்ட பூட்டு மூடியில் காற்று வழி இல்லை. எண்ணெய் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது; தொட்டி நிரம்பியிருந்த நாள்களில் உள்ளே காற்று குறைவாக இருந்ததால் இன்னும் விரைவாக நின்றிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் திறந்த குழாய் வழியே காற்று புகுந்ததால் கார் பிழைத்துக்கொண்டது. அந்தப் பெருமையைப் புதிய ஃபில்டர் தட்டிக்கொண்டு போனது. இதற்கிடையில், போலி ஃபில்டரை விற்றதாகப் பட்டறைக்காரத் தம்பியை நாலு பேர் முன்னிலையில் ஏசிவிட்டு வந்திருக்கிறேன். உறுத்துவது அதுதான்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டல், கோலகங்சார்

மேலே உள்ளதைப் படித்ததும் என் தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என் கதையில் அடைப்பு எதுவும் இல்லை.

பம்புக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டரைத் தொங்கவிடுவது பீட்டல்காரர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். பொங்கலுக்கு முந்திய மாலை சந்தைக்கு வெளியே காரை நிறுத்தியதும் பெட்ரோல் வாடை வீசியது. இயந்திரம் இருக்கும் பின்மூடியைத் தூக்கினேன். சோலெக்ஸ் கார்புரேட்டரின் பக்கவாட்டில் மரை இல்லாமல் வெறுமனே இறுக்கிச் செருகப்பட்டிருக்கும் பித்தளைக் குழாய், ஃபில்டரின் எடையாலும் அதிர்வாலும் கழன்று ரப்பர் குழாயின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மீது பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே வெறித்துப் பார்த்து நின்றேன். கையில் கரும்போடு நின்ற என் மனைவி, "பிள்ளையைத் தூக்குங்க" என்றார். பின் இருக்கையில் பேத்தி தூங்குவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது ஃபில்டர், கியர்பெட்டிக்கு அருகில் இரும்புக் குழாய் வெளிவரும் இடத்தில், பம்புக்கு முன்பாக இருக்கிறது. இயந்திரப் பகுதிக்குள் பிளாஸ்டிக் ஃபில்டரை யாரும் வைக்கவே கூடாது. மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பீட்டலின் தொட்டி முன்னால் உயரத்தில் இருப்பதால், குழாயைக் கழற்றியதும் பெட்ரோல் தானாகவே வழியத் தொடங்கும், முதலில் ரப்பர் குழாயை நெரித்துக் கட்டிவிடுங்கள்.

டட்சன் 120ஒய், சுங்கை சிப்புட்

பீட்டல் நண்பரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'யாரும் வைக்கவே கூடாது' என்பதை ஏற்க முடியவில்லை. என் காரில் பிளாஸ்டிக் ஃபில்டரை இயந்திரப் பகுதியின் பக்கச் சுவரில் கிளிப் போட்டுப் பொருத்தித்தான் தயாரிப்பாளரே விற்றிருக்கிறார். அதை எதிலும் பிடித்துக் கட்டாமல் குழாயிலேயே தொங்கவிட்டதுதான் தவறு.

என் சொந்தக் கதை சிறியது. நுண்மையாக வடிகட்டினால் நல்லதுதானே என்று, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் காருக்குரிய உலோக ஃபில்டர் ஒன்றைப் போட்டேன். புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார். ஒரு லாரி! பழைய வகையைத் திரும்பப் போட்ட அன்றே கார் ஏறியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்‌ஷன் ஃபில்டர்கள் சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவுத் தூசியைப் பிடிப்பவை. அந்தக் கார்களின் பம்ப் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் தள்ளும். நம் இயந்திரப் பம்ப் தருவது 3 முதல் 5 பவுண்டு வரைதான். அதோடு, நாற்பது ஐம்பது ஆண்டுத் தொட்டியிலிருந்து வரும் துரு அவ்வளவு நுண்ணிய காகிதத்தை விரைவில் மூடிவிடும். கார்புரேட்டருக்கு 30, 40 மைக்ரான் தாராளம். அடுத்து, ஃபில்டர் பாதி காலியாகத் தெரிகிறதே என்று பலர் பதறுகிறார்கள். கார் சீராக ஓடினால் அது இயல்பான காட்சி, மாற்ற வேண்டியதில்லை. காகிதம் பழுப்பாகிவிட்டதா, அடியில் துரு மணல்போல் தங்கியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். காந்தத்தை வெளியில் வைத்து நகர்த்தும்போது அந்த மணலும் கூடவே நகர்ந்தால் அது துரு. தொட்டியைக் கழற்றிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. ஃபில்டரில் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட எரிபொருள் குழாயைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டி ஃபில்டரை வைத்தால், நம் ஊர் மதிய வெயிலில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுபோகும்; அதற்கும் ஃபில்டரைத்தான் பழிப்பீர்கள்.

மெர்சிடிஸ் 240டி, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

120ஒய் நண்பரே, உங்கள் ஆலோசனை உங்கள் கதையைவிட நான்கு மடங்கு நீளம். டீசல்காரன் ஒருவனுக்கும் சற்று இடம் கொடுங்கள்.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், அந்தக் கணக்குகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் (செம்பனை எண்ணெயிலிருந்து செய்வது) கலப்பது கட்டாயமானது. அதற்கு முன்பு 7 விழுக்காடு. சில மாதங்களில், கல்லுமலைக் கோயிலிலிருந்து வீடு திரும்பும் இரவில், சிம்மோருக்கு அருகில் கார் அடங்கிவிட்டது. கைவிளக்கின் ஒளியில் பார்த்தபோது, பெரிய ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிபோன்ற சிறிய ஃபில்டர், கடுங்காப்பியை ஊற்றி வைத்ததுபோல் கறுத்திருந்தது. செம்பனை டீசல் தொட்டியில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். ஈரத்தையும் எளிதில் ஈர்ப்பதால், ஓடாமல் நிற்கும் காரின் தொட்டியில் கிருமிகள் வளர்ந்து வழவழப்பான கரும்படலம் சேரும். நான் நட்டுக் கணக்கெழுதிய மரம் என்னையே நடுவழியில் நிறுத்திவிட்டது.

கையிருப்பு ஃபில்டரைப் போட்டு, கைப்பம்பின் குமிழை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுவதற்குள் என் வேட்டியில் முழம் அளவு டீசல். அடுத்த இரண்டு தொட்டி எண்ணெய் தீர்வதற்குள் மேலும் இரண்டு சிறிய ஃபில்டர்கள் கறுத்தன, பிறகு தெளிந்துவிட்டது.

மோரிஸ் மைனர் 1000, சுங்கை சிப்புட்

நேற்றுப் பட்டறைக்குச் சென்று, பூட்டு மூடியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். தம்பி அதைத் திருப்பிப் பார்த்தார். வாயில் வைத்து ஊதியும் பார்த்தார். ஏசியதைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கியபோது உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தவரிடம், இதில் ஒரு துளை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "மழைத் தண்ணி இறங்கும், அண்ணே. அப்புறம் துருவுக்கு வேற அலையணும்," என்றவர், உடைத்துப் போட்ட ஒரு மைனரிலிருந்து எடுத்த பழைய மூடியைக் கொடுத்தார், காற்று வழி உள்ள சரியான மூடி. விலை கேட்டேன். ஒரு ஃபில்டரின் விலையைச் சொன்னார்.