பழைய டி3 கேம்பர் வேனில் சுபாரு என்ஜின்: கூலன்ட் பாதையில்தான் பாதி வேலை

வேறு என்ஜின் மாற்றியவர்கள் அனுபவத்தைப் பகிரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஃபோக்ஸ்வாகன் டி3, படுத்துத் தூங்க வசதியுள்ள கேம்பர் வேன். அதிலிருந்தது 1.9 லிட்டர் வாசர்பாக்ஸர் (தண்ணீரால் குளிரும், சிலிண்டர்கள் படுத்திருக்கும் பெட்ரோல் என்ஜின்), 78 குதிரைத்திறன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் வண்டி இரண்டு டன்னைத் தாண்டும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட் கசிவதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த என்ஜினில் ஹெட்டின் (சிலிண்டர்களை மூடும் பகுதி) தண்ணீர்ப் பகுதியைக் கசியாமல் அடைப்பது ஒரு ரப்பர் கேஸ்கெட். அது உட்காரும் அலுமினிய விளிம்பு அரித்துக் குழி விழுந்துவிட்டால், புது கேஸ்கெட் போட்டாலும் கசிவு நிற்பதில்லை.

சுபாரு இஜே22 எடுத்தேன். இதுவும் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் என்பதால் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் அடங்கிவிடும். 2.2 லிட்டர், சுமார் 130 குதிரைத்திறன். தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்தவற்றில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. அதைவிடப் பெரிய 2.5 லிட்டர் இஜே25-க்கு இழுவை கூடுதல்தான், ஆனால் ஹெட் கேஸ்கெட் பிரச்சினை அதிலும் உண்டு. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

டி3-யின் கியர்பாக்ஸோடு இணைக்க அடாப்டர் பிளேட் (இடையில் வைக்கும் இணைப்புத் தகடு) தயாராகவே விற்கிறார்கள். சுபாருவின் ஆயில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆழம் அதிகம், கல்லில் இடிக்கும். உயரம் குறைத்த சம்ப் போட வேண்டும். இந்த இரண்டும் காசு கொடுத்தால் முடிகிற வேலை.

கூலன்ட் விஷயம் அப்படியில்லை. டி3-யில் என்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். வண்டியின் நீளத்துக்கும் அடியில் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. சுபாருவின் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் திறந்து ரேடியேட்டர் வழியாகத் தண்ணீரை ஓடவிடும் வால்வு), தண்ணீர் பம்புக்குள் கூலன்ட் நுழையும் இடத்தில் இருக்கிறது. அதாவது, ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குளிர்ந்த தண்ணீரின் வாசலில். அது திறக்க வேண்டுமானால் என்ஜினுக்குள்ளிருந்து வரும் சூடான கூலன்ட் அதன் மேல் பட வேண்டும். சுபாரு காரில் ஹீட்டர் வழியாகத் திரும்பும் தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. டி3-யிலோ ஹீட்டரை மூடினால் அதன் வால்வு அந்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். அப்புறம் என்ஜின் கொதித்தாலும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. அதனால் ஹீட்டர் மூடியிருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பைபாஸ் ஹோஸ் (மாற்றுப் பாதைக் குழாய்) கட்டாயம் வேண்டும். "சுபாரு போட்டேன், சூடு ஏறுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த ஹோஸைப் பற்றித்தான்.

காற்றை வெளியேற்றுவதற்கும் பொறுமை தேவை. வண்டியின் முன்பக்கத்தை நன்றாகத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டரின் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் வரும்வரை நிரப்ப வேண்டும். பாதியில் விட்டால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும்.

வயரிங்கை என்ஜினோடு முழுசாக வாங்குங்கள். தேவையில்லாத கம்பிகளைப் பிரித்தெடுக்க வரைபடமும் அமைதியான மேசையும் போதும். வேக சென்சார் சிக்னலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது வராவிட்டால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

இப்போது ஏற்றத்தில் மூன்றாம் கியரே போதும். எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி, காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து ஈரம் பார்க்காமல் கிளம்புவது.

மறுமொழி 1

நான் டீசல் பக்கம் போனேன், ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டர்போ டீசல் (டிடிஐ), 90 குதிரைத்திறன். டி3-யிலேயே டீசல் மாடல் வந்ததால் அதன் மவுண்ட் (என்ஜினைத் தாங்கும் பிடி), சம்ப், பெல்ஹவுசிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மூன்றும் உதவின. அந்த டீசல் என்ஜின் 50 டிகிரி சாய்ந்துதான் உட்காரும். அதே சாய்வில் வைத்தால் என்ஜின் மூடியை உயர்த்த வேண்டியதில்லை, படுக்கை சமமாகவே இருக்கும். நிமிர்த்தி வைத்தவர்கள் மூடியை உயர்த்தி, படுக்கையையும் மாற்றிக் கட்டினார்கள். கேம்பருக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

எனக்குத் தலைவலி கொடுத்தது, டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பின்னால் என்ஜின் இருக்கும் வண்டியில் அதற்கு நேராகக் காற்று கிடைக்காது. பக்கவாட்டுக் காற்றுத் துளைக்குப் பின்னால் வைத்து, தனி ஃபேன் மாட்டினேன். சத்தமும் கூடுதல்தான், என்ஜின் மூடிக்கு அடியில் தடிமனான ஒலித்தடுப்பு ஒட்டியே ஆக வேண்டும்.

மறுமொழி 2

இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி: பழைய நான்கு கியர் பெட்டி தாங்குகிறதா?

முதல் பதிவர்

தாங்குகிறது, ஓட்டும் விதத்தைப் பொறுத்து. நான்காம் கியரில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்து ஏற்றம் ஏற வேண்டாம், ஒரு கியர் இறக்கிவிடுங்கள். கியர் ஆயிலை மாற்றும்போது காந்தத் திருகில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவு போன்ற பொடி என்றால் கவலையில்லை, செதில் செதிலாக இருந்தால் என்ஜினை இறக்கியிருக்கும்போதே கியர்பாக்ஸையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பிரேக் வேலையையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது. பதிவுச் சான்றில் என்ஜின் மாற்றத்தைச் சேர்க்க என்ன விதி என்பதை என்ஜின் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். புகை அளவு விதிகளால் சில இடங்களில் வண்டியை விடப் பழைய என்ஜினைப் போட விடமாட்டார்கள்.