ஸ்க்விட்வார்ட் குரல்ல பதிவு எழுதினா நான் புலம்புற மாதிரியே இருக்கு, என்ன பண்ணலாம்?

சாயங்கால ஷிஃப்ட்:
நண்பர்களுக்காக எக்ஸ்ல ஒரு பகடிக் கணக்கு நடத்துறேன். ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன்ல வர்ற ஸ்க்விட்வார்ட் பேசுற மாதிரி தினம் ஒரு பதிவு. ஆரம்பத்துல சிரிச்சாங்க. இப்ப "ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா மச்சி?"ன்னு விசாரிக்கிறாங்க. நேத்து போட்டது இது:

"காலையிலேயே கூட்டம். ஒருத்தன் வீட்லயும் சோறு ஆக்க மாட்டானுங்களா? சே, என்ன பொழப்பு."

எங்க இடிக்குது?

வெட்டி ஆபீசர்:
ப்ரோ, இது ஸ்க்விட்வார்ட் இல்ல. எங்க தெரு பரோட்டா மாஸ்டர்.

கார்ட்டூன் கிறுக்கன்:
ஆபீசர் சொன்னது சரிதான். அந்தப் பதிவை எந்தக் கடைக்காரரும் போடலாம். ஸ்க்விட்வார்ட் தன்னை ஒரு கேஷியரா நினைச்சதே கிடையாதுங்க. அவன் கணக்குல அவன் கிளாரினெட் மேதை, மாபெரும் ஓவியன். ஏதோ கெட்ட நேரம், க்ரஸ்டி க்ராப்ங்கிற பர்கர் கடையில கல்லாவுல நிக்கிறான். சிடுசிடுப்பு எல்லாம் அந்த நெனப்புலேர்ந்து வர்றது. அதனால முதல்ல அவனைப் பீத்திக்க விடுங்க, எரிச்சல் பின்னாடி தானா வரும். இப்படி (பக்கத்து வீட்டு ஸ்பாஞ்ச்பாப் குடியிருக்கிறது ஒரு அன்னாசிப்பழத்துக்குள்ள):

"என் கிளாரினெட் இசையின் மிக மென்மையான பகுதியை எட்டியிருந்தேன். பக்கத்து அன்னாசிப்பழத்திலிருந்து சிரிப்புச் சத்தம். கலையுலகம் இன்று எதை இழந்தது என்று அதற்குத் தெரியாது. ஒன்பது மணிக்குக் கல்லாவில் இருப்பேன். யாரும் பேச்சு கொடுக்க வேண்டாம்."

திட்டு ஒண்ணுகூட இல்ல பாருங்க. நடையும் பொன்னாடை போர்த்தின ஆள் ஏற்புரை குடுக்குற மாதிரி எழுத்துத்தமிழ்ல இருக்கட்டும். பொறுமை போற இடத்துல மட்டும் ஒரு "போங்கடா" விழலாம், அதுவும் எப்பவாவது.

இன்னொண்ணு, அவனை உரச ஒரு சந்தோஷமான ஜீவன் கட்டாயம் வேணும். 2001ல வந்த ஒரு எபிசோட்ல தொல்லை தாங்காம வீட்டை மாத்திட்டு, முழுக்க தன்னை மாதிரி ஆளுங்களே இருக்கிற ஊருக்குப் போவான். சைக்கிள், நடனம், கிளாரினெட், டப்பால அடைச்ச ரொட்டின்னு தினமும் ஒரே அட்டவணை. கொஞ்ச நாள்ல போரடிச்சு, காத்து ஊதுற மெஷின் ஒண்ணை எடுத்துக்கிட்டு ஊரையே படுத்துவான். ஸ்பாஞ்ச்பாப் செஞ்ச அதே சேட்டை! தனியா விட்டா அவன் சிடுமூஞ்சியே இல்ல. உங்க பதிவுல "கூட்டம்"னு மொட்டையா இருக்கு. கூட்டத்துல ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு அவனுக்கு வணக்கம் வைக்கணும்.

மழைக்கால டிவி:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. தினமும் பீத்தலும் கடுப்புமா போனா அதுவும் சலிச்சிடும். 1999ல வந்த பீட்சா எபிசோட் ஞாபகம் இருக்கா? அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போன பீட்சாவை, கூல்டிரிங்ஸ் இல்லைன்னு ஒருத்தன் வேண்டாம்னுடுவான். பாப் அழுவான். ஸ்க்விட்வார்ட் திரும்பப் போய்க் கதவைத் தட்டி, அந்த ஆள் மூஞ்சியிலேயே பீட்சாவை அடிப்பான். எப்பவாவது அந்த ஸ்க்விட்வார்டும் வரட்டுமே.

கார்ட்டூன் கிறுக்கன்:
வரட்டும், ஆனா அவன் வாயால ஒத்துக்கக் கூடாது. அந்த எபிசோட்லயே பாப்கிட்ட வந்து, அந்த ஆள் பீட்சாவைச் சாப்பிட்டுட்டான்னுதான் சொல்லுவான். "பாவம் பாப்"னு நீங்க எழுதின நிமிஷம் குரல் போச்சு.

அட்மின்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். 2025 ஏப்ரல்லேர்ந்து எக்ஸ்ல பகடிக் கணக்கு, ரசிகர் கணக்கு எல்லாம் பேரோட ஆரம்பத்துலயே அதைச் சொல்லியாகணும். அறிமுகப் பகுதியில மட்டும் போட்டா செல்லாது. ப்ரொஃபைல் படமும் அசல் மாதிரியே இருக்கக் கூடாது.

சாயங்கால ஷிஃப்ட்:
பேரை மாத்திடுறேன் அட்மின். கிறுக்கன் அண்ணே, இது எப்படி?

"முதலாளி க்ராப்ஸ் இன்று என் ஓவியத்தைப் பாராட்டினார். சுவரில் இருந்த ஓட்டைக்கு அளவெடுத்தது போல் இருக்கிறதாம். பாப் கைதட்டினான். நாற்பது நிமிடமாக இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறான்."

கார்ட்டூன் கிறுக்கன்:
ஆங், இப்ப வந்துட்டான்! "இன்னும்" வேண்டாம், "தட்டிக்கொண்டிருக்கிறான்" போதும். அப்புறம், மாட்டின ஆணிக்கு க்ராப்ஸ் சம்பளத்துல பிடிச்சிருப்பார், அதையும் சேத்துடுங்க.