புதுப்பிப்பு: மகளை சாக்கர் கேம்ப்புக்கு அனுப்பிவிட்டேன்

மார்ச்சில் கேட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? பத்தாவது படிக்கும் மகளுக்கு ஒரு டிவிஷன் ஒன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) பல்கலைக்கழகத்திலிருந்து சாக்கர் கேம்ப் அழைப்பு, இரண்டு நாளைக்கு 350 டாலர், அனுப்பலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கேட்காமல் அனுப்பினேன்.

போனால் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி இந்த கேம்ப்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வயது, வகுப்பு, ஆணா பெண்ணா, மொத்த எண்ணிக்கை என்றுதான் வரம்பு வைக்கலாம். ஆக அந்த 'அழைப்பு' முக்கால்வாசி விளம்பரம். தலைமைப் பயிற்சியாளர் வரவேற்புரை சொன்னதோடு சரி, மகள் இரண்டு நாளும் வெறும் 87ஆம் நம்பர். அதைவிட, பத்தாவது முடிந்து ஜூன் 15 வரும்வரை பயிற்சியாளர்கள் அணிக்கு ஆள் எடுப்பதைப் பற்றி அவளிடம் பேசவே கூடாது, நாங்கள் போனதோ ஏப்ரலில்! முன்பே பார்க்காதது என் தப்பு.

அப்புறம் ஜூலையில் ஒரு சின்ன டிவிஷன் த்ரீ (மூன்றாம் பிரிவு) கல்லூரியில் ஒருநாள் கேம்ப். இந்த முறை மகளே இரண்டு வாரம் முன்பு மெயில் எழுதி, நாலு நிமிட வீடியோவும் மேட்ச் அட்டவணையும் அனுப்பியிருந்தாள். பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இடது காலில் பந்து வந்தால் ஏன் தயங்குகிறாய் என்று கேட்டு, பக்கத்தில் நின்று பத்துத் தடவை அடிக்க வைத்தார். டிவிஷன் த்ரீயில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, மார்க்கையும் வருமானத்தையும் பார்த்துத்தான் உதவித்தொகை, தெரிந்தே போனோம்.

செப்டம்பரில் அந்தப் பயிற்சியாளர் அவள் மேட்ச் பார்க்க வருகிறாராம். 350 டாலர் போனது போனதுதான்.