பின்ன விளையாட்டைப் பிள்ளைகள் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிட்டார்கள்

ஏற்காடு ஆசிரியை:
மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பின்னம் என்றாலே பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது. சேலத்திலிருந்து ஏறி வரும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓர் அட்டையில் வரைந்தேன். தாயக்கட்டையை உருட்டி பஸ்ஸை நகர்த்த வேண்டும். வளைவுக்கு ஒரு பின்னக் கணக்கு. சரியாகச் சொன்னால் நட்சத்திர ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் ஒரு பென்சில். இரண்டு வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும் அட்டையைக் கேட்டு ஓடி வந்தார்கள். மூன்றாவது வாரம் பென்சில் தீர்ந்தது, ஆட்டமும் நின்றுவிட்டது. அதே பிள்ளைகள் வராந்தாவில் சாக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுகிறார்கள், மணி அடித்தாலும் எழுவதில்லை. மனம் வலிக்கிறது. எதை மாற்றலாம்?

அம்மாபேட்டை வாசகர்:
டீச்சர், அந்த வராந்தாவையே கவனியுங்கள். ஆடுபுலிக்கு யாரும் பென்சில் தருவதில்லை. 3 புலி, 15 ஆடு; எந்த இடத்தில் வைத்தால் ஆடு வெட்டுப்படாது என்ற யோசனைதான் அங்கே ஆட்டம். உங்கள் அட்டையிலோ கணக்கை எடுத்துவிட்டாலும் பஸ் மேலே போய்ச் சேரும். கணக்கு செக்போஸ்ட் போல வழிமறித்து நிற்கிறது. பின்னத்தை யோசிக்காமல் காயே வைக்க முடியாதபடி அமையுங்கள்.

பரிசைப் பற்றியும் ஒரு செய்தி. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

சூரமங்கலம் மென்பொருளாளர்:
பரிசின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். 20 கேள்விகளும் மாறாதவை என்றால், இரண்டு வாரத்தில் விடைகள் மனப்பாடம் ஆகியிருக்கும். எதிராளியின் கையால் ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு பிறக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சலிக்காது.

ஏற்காடு ஆசிரியை:
ஐயா, இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு மிளகு மூட்டைக்கு மாறினேன். சீட்டுகளில் 1/2, 1/3, 1/4, 1/6, 1/12. எடுத்த சீட்டை என் மூட்டையிலும் போடலாம், எதிராளியின் மூட்டையிலும் தள்ளலாம். சரியாக ஒன்று ஆனால் வெற்றி. தாண்டினால் மிளகு சிந்திவிடும், அந்த மூட்டைக்காரர் தோற்றார். பரிசு கிடையாது.

இது ஐந்தாவது வாரம். நேற்று ஒரு சிறுமியின் மூட்டையில் 1/2, 1/4 இருந்தன. தோழி அதில் 1/3-ஐத் தள்ளினாள். கணக்கு வகுப்பில் வாயே திறக்காத அந்தச் சிறுமி எழுந்து நின்று வாதாடினாள்: "பன்னிரண்டில் ஒரு பங்குதானே டீச்சர் சிந்தியது, அதற்குப் போய் மொத்தமும் தோல்வியா?"


அவள் கேட்டதால் இன்று விதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.